ரத்தம் போகுது, ஆனால் மூலமில்லை: பிறவிக் குடல் கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை செய்ய வேண்டியவை

பல்லடத்தில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதிய சுவர் ஒன்றைப் பார்க்காமல் இறங்க முடியாது. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால் மூலம்தான் என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நம்புவதில் அந்தச் சுவர்களுக்கும் பங்கு உண்டு. என் தம்பியும் நம்பினான். தறி ஓட்டுகிறவன். நாள் முழுக்க நின்ற வேலை, நேரம் கெட்ட சாப்பாடு, வேறென்ன வரும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். அம்மா "உடம்புச் சூடு சாமி" என்று சொல்லித் துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை வலி எதுவும் இல்லாமல் ரத்தம் போகும், இரண்டு நாளில் தானாக நின்றுவிடும். நின்றதெல்லாம் துத்தியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இடையில் ஒரு கிளினிக்கிலும் மூலத்துக்கு மருந்து கொடுத்தார்கள். யாரும் விரலை விட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடி, 34 வயதில் ஒரு நாள் குடோனில் தறிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தான். ஹீமோகுளோபின் 6.4, ஆண்களுக்கு 13 ஆவது இருக்க வேண்டியது. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம், நாலு டெஸ்ட், ஒரு ஆபரேஷன். கடைசியில் தெரிந்தது, பிறக்கும்போதே சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பை.

ஒன்றரை மாதமும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். டாக்டர்களிடம் கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், இன்னொருவர் வீட்டில் இதே நிலை வந்தால் எந்த வரிசையில் போக வேண்டும் என்ற கணக்கில் எழுதுகிறேன். எந்த டெஸ்ட், எந்த மருந்து என்பதைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்கத்தான் இது.

படி 1: இது 108 கூப்பிடும் நிலையா?

எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறதா? வேர்த்துக் கைகால் சில்லிடுகிறதா? நாடி நிமிடத்துக்கு 100க்கு மேல் ஓடுகிறதா? மூச்சு வாங்குகிறதா, மூத்திரம் குறைந்துவிட்டதா? ரத்த வாந்தியும் சேர்ந்து வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டாம், 108தான். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பறக்கும் நம் ஊர்ப் பழக்கம் இதற்கு ஆகாது. ரத்தம் குறைந்த ஆளை நிமிர்த்தி உட்கார வைப்பதே மயக்கத்துக்கு வழி. வண்டி வரும் வரை படுக்க வைத்து, கால்களைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். சோடா, மோர், இளநீர் எதுவும் வேண்டாம். போனவுடன் எண்டோஸ்கோப்பியோ மயக்க மருந்தோ தேவைப்படலாம், வயிறு காலியாக இருப்பதே நல்லது. வலி மாத்திரை கொடுக்கவே கூடாது.

இங்கே இரண்டு ஏமாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று, பி.பி. பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 750 மி.லி. போனாலும் படுத்திருக்கும் ஆளிடம் வித்தியாசம் அதிகம் தெரியாது. பி.பி. இறங்குவது பெரும்பாலும் 30 சதவீதம் தாண்டிய பிறகு. எனவே 'பி.பி. நார்மல்' என்பதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நாடித்துடிப்புதான் முதலில் ஏறும்.

இன்னொன்று ஹீமோகுளோபின். ரத்தம் போன முதல் சில மணி நேரத்தில் எடுத்தால் எண் நன்றாகவே இருக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கேனில் பாதிப் பால் கொட்டிப்போனாலும் மீதிப் பாலின் டிகிரி குறையாது, தண்ணீர் சேர்ந்தால்தான் குறையும். உடம்பும் போன ரத்தத்தின் இடத்தைத் தண்ணீரால் நிரப்ப ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். "காசு பிடுங்கறாங்க" என்று நானும் முதலில் முணுமுணுத்தேன்.

தாளவாடி, கடம்பூர், பர்கூர் மாதிரி மலைமேல் இருப்பவர்கள் ஒரு படி முன்னாலேயே கிளம்ப வேண்டும். ராத்திரியில் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ரத்தம் போகும் ஆளோடு இறங்குவது சாதாரண காரியமில்லை. பகலில் ஒருமுறை நிறைய ரத்தம் போனால், பொழுதோடு நின்றுவிட்டாலும், அன்றைக்கே கீழே வந்துவிடுங்கள்.

படி 2: நிறத்தைப் பாருங்கள், கூச்சப்படாமல் படம் எடுங்கள்

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "என்ன நிறம்?" தம்பி சொன்ன பதில் "ரத்த நிறமுங்க". இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுத்து, சகிக்க முடியாத நாற்றத்தோடு போனால் ரத்தம் பெரும்பாலும் மேலேயிருந்து, அதாவது இரைப்பை, முன்சிறுகுடல் பக்கமிருந்து வருகிறது. 50 முதல் 100 மி.லி. ரத்தம் உள்ளே கசிந்தாலே இப்படி ஆகிவிடும். பளிச்சென்ற சிவப்பு, மலத்தின் மேல் கோடு போட்ட மாதிரியோ கடைசியில் சொட்டுச் சொட்டாகவோ வந்தால் ஆசனவாய்ப் பக்கம். மூலம் என்றால் பொதுவாக இப்படித்தான். இரண்டுக்கும் நடுவே, பீட்ரூட்டை வேகவைத்த தண்ணீர் மாதிரி, செங்கல் நிறம் கலந்த கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து வருவது ஒன்று உண்டு. சிறுகுடலின் கீழ்ப்பகுதி, பெருங்குடலின் வலப்பக்கம் ஆகியவற்றிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் இந்த நிறத்தில் இருக்கும். தம்பிக்கு வந்ததும் இதுதான். ஆனால் இந்தக் கணக்கை ஒரேயடியாக நம்பக்கூடாது. மேலே வேகமாக ரத்தம் கொட்டினால் கீழே சிவப்பாகவே வரும், சிறுகுடலில் மெதுவாகக் கசிந்தால் கறுப்பாகவும் வரும்.

ரத்தமே இல்லாமல் பயமுறுத்துவதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுக்காது, அந்த நாற்றமும் இருக்காது. பீட்ரூட் பொரியல் தின்ற மறுநாள் சிவக்கும்.

ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூச்சம்தான். ஆனால் அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஒரு டாக்டர், "இது மூலம் மாதிரி இல்லைங்க" என்று முதல்முறையாகச் சொன்னார். கூடவே ஒரு நோட்டில் தேதி, எத்தனை தடவை, வலி இருந்ததா, அதற்கு முந்தைய வாரம் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இடுப்பு வலி, கால் வலிக்கு மருந்துக்கடையில் 'நாலு மாத்திரை சேத்திக் குடுங்க' என்று வாங்கி விழுங்குவது தறிக்காரர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் மத்தியில் சர்வசாதாரணம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை தாமே இரைப்பையிலும் சிறுகுடலிலும் புண் உண்டாக்கும், ஏற்கெனவே இருக்கும் புண்ணிலிருந்தும் ரத்தத்தைக் கிளப்பிவிடும். ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளும் அப்படித்தான். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 3: பிறவிக் கோளாறு என்றால் என்ன என்று ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்

"பிறந்ததிலிருந்தே இருந்தா இத்தனை வருஷம் ஏன் தெரியல?" இதை எங்கள் வீட்டில் கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்வி.

கரு உருவாகும் ஆரம்ப வாரங்களில் குழந்தையின் குடலுக்கும் கருவுணவுப் பைக்கும் நடுவே தொப்புள் வழியாக ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஏழெட்டு வாரத்துக்குள் அது மூடி மறைந்துவிட வேண்டும். சிலருக்குக் குடல் பக்கத்து முனை மட்டும் மறையாமல், விரல் நுனி மாதிரி ஒரு பையாக நின்றுவிடும். அதற்கு மெக்கல் டைவர்டிகுலம் என்று பெயர். 1598லேயே ஃபேப்ரிசியஸ் ஹில்டானஸ் என்ற அறுவை மருத்துவர் இதைக் கண்டிருக்கிறார். எங்கிருந்து வருகிறது என்று 1809ல் விளக்கியவர் ஜெர்மனிக்காரரான யோஹான் ஃப்ரீட்ரிஷ் மெக்கல். மருத்துவ மாணவர்கள் இதை 'இரண்டுகளின் கணக்கு' என்று மனப்பாடம் செய்வார்களாம். நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு இருக்கும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து ஏறக்குறைய 2 அடி தள்ளி இருக்கும், நீளம் 2 அங்குலம், தொந்தரவு கொடுப்பது பெண்களைவிட ஆண்களுக்கு 2 மடங்கு, தொந்தரவு வந்தால் பெரும்பாலும் 2 வயதுக்குள்.

அந்தக் கடைசி 2தான் பெரியவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்தே விலக்கிவிடுகிறது. இது குழந்தைகள் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1,476 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2005ல் வெளியிட்ட ஆய்வில், மெக்கல் பையால் தொந்தரவு வந்த பெரியவர்களிடம் அதிகம் காணப்பட்டது ரத்தப்போக்குதான்.

ரத்தம் ஏன் வருகிறது? அந்தப் பையின் உள்தோலில் சிலருக்கு இரைப்பையின் தோல் இடம் மாறி வளர்ந்திருக்கும். இரைப்பைத் தோல் எங்கே இருந்தாலும் அமிலம்தான் சுரக்கும். இரைப்பைக்கு அதைத் தாங்கும் கவசம் உண்டு, பக்கத்திலிருக்கும் சிறுகுடலுக்குக் கிடையாது. ஆக, வயிற்றுப்புண் மாதிரியே ஒரு புண் வயிற்றில் இல்லாமல் குடலில் வருகிறது. புண் ஆறினால் ரத்தம் நிற்கும், ரத்தக்குழாயை மறுபடி அரித்தால் கொட்டும். நான்கைந்து மாத இடைவெளிக்கு விளக்கம் கிடைத்தபோது துத்தி இலை மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. அம்மாவுக்குக் குறையவில்லை.

மெக்கல் மட்டும்தானா என்றால் இல்லை. குடலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குடல் துண்டு மாதிரி ஒட்டி வளரும் இரட்டைக் குடல் கட்டி ஒன்று உண்டு. அதிலும் இரைப்பைத் தோல் இருந்து இதே வேலையைச் செய்யலாம். பெரியவர்களிடம் அது அபூர்வம். கருவில் குடல் சரியாகச் சுழன்று அமராமல் போயிருந்தால், எந்த வயதிலும் அது முறுக்கிக்கொள்ளலாம். அப்போது ரத்தத்தைவிடக் கடும் வலியும் பச்சை வாந்தியும்தான் முந்தும், அது அன்றைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டிய விஷயம். ரத்தக்குழாய்களின் பிறவிக் கோளாறுகள் தனிக் கூட்டம். நீல ரப்பர் கொப்புளம் போன்று தோலிலும் குடலிலும் வரும் ஒரு நோய் உண்டு, அமுக்கினால் அமுங்கி மறுபடி உப்பும். ஆஸ்லர்-வெபர்-ரெண்டு என்ற பரம்பரை நோய் இன்னொன்று. சின்ன வயதிலிருந்தே மூக்கில் ரத்தம், உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள், குடல் ரத்தம் பெரும்பாலும் 40 வயதுக்கு மேல்தான். எனவே உதடு, நாக்கு, தோல், குடும்பத்தில் மூக்கு ரத்தம், இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடலுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட வேண்டாம்.

படி 4: முதல் டாக்டர்

சுவர் விளம்பரக் கடைக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சை அல்லது பொது மருத்துவப் பிரிவு, தனியாரில் குடல் இரைப்பை நிபுணர். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகள் நம் பக்கத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

மூலம், ஆசனவாய் வெடிப்பு, வயிற்றுப்புண், சாராயத்தால் கெட்ட ஈரலினால் உணவுக்குழாயில் புடைக்கும் நரம்புகள், குடல் காசநோய், டைஃபாய்டு, வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு, வயதானவர்களுக்குப் புற்று. இவையெல்லாம் மெக்கலைவிட அதிகம் பார்க்கக்கூடியவை அல்லது முதலில் தள்ளிவைக்க வேண்டியவை. டாக்டர் அங்கே ஆரம்பிப்பதில் தப்பில்லை. அங்கேயே நின்றுவிடுவதில்தான் தப்பு. ஆசனவாயை விரல் விட்டும் சின்னக் குழாய் வைத்தும் பார்க்காமல் 'மூலம்' என்று எழுதினால், "ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க டாக்டர்" என்று நேராகவே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூலம் இருப்பது தெரிந்தாலும் அத்தோடு விடக்கூடாது. மூலமும் மெக்கலும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்று சட்டமில்லை. ஹீமோகுளோபின் 6க்கும் 7க்கும் இறங்கிய பிறகும் மூலம்தான் காரணம் என்றால் இன்னொரு டாக்டரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்), பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், யூரியா, ரத்தப் பிரிவு எல்லாம் வரும். ஆண்களுக்கு 13க்குக் கீழ், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ஃபெரிட்டினும் எம்.சி.வி.யும் அடியில் கிடந்தால் நேற்று இன்று போன ரத்தமில்லை, மாதக்கணக்கில் கசிகிறது என்று அர்த்தம். பெண்களுக்கு 'மாதவிடாயில் போகுது' என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடுவது இன்னும் நடக்கிறது. மலத்தில் ரத்தத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

படி 5: மேலிருந்தும் கீழிருந்தும் குழாய்

மேல் எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடலின் ஆரம்பம் வரை போகும். கொலோனோஸ்கோப்பி ஒன்றரை மீட்டர் பெருங்குடலைப் பார்த்து, சிறுகுடலின் கடைசியில் பத்து இருபது சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும். நடுவில் ஏறக்குறைய 6 மீட்டர் சிறுகுடல் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. மெக்கல் பை சுமார் 60 சென்டிமீட்டர் உள்ளே. கணக்கு அங்கேயே தெளிவாகிவிடுகிறது: இரண்டு குழாயும் நார்மல் என்றால் இரண்டு முனையும் நார்மல், அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியம் தெரியாமல்தான் நாங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, மூன்று வாரம் சும்மா இருந்தோம். நான்காவது வாரம் மறுபடி ரத்தம்.

கொலோனோஸ்கோப்பிக்குப் போகும்முன் இரண்டு விஷயம். இரும்பு மாத்திரையை ஐந்தாறு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள், அது குடலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்கும். முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்தை முழுசாகக் குடிக்க வேண்டும். தம்பி பாதியை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டான். குடல் சுத்தமாகவில்லை என்று மறுநாளும் அதே பாடு.

ரிப்போர்ட்டில் ஒரு வரியைத் தேடுங்கள்: சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பார்த்தார்களா, அங்கிருந்து ரத்தம் இறங்குகிறதா? தம்பியின் இரண்டாவது ரிப்போர்ட்டில் 'பெருங்குடலில் புண் இல்லை, சிறுகுடலிலிருந்து பழைய ரத்தம் வருகிறது' என்று இருந்தது. வழி திரும்பியது அங்கேதான்.

படி 6: நடுவில் இருக்கும் 6 மீட்டர்

இதில் எதை முதலில் எடுப்பது என்பது ரத்தம் இப்போது போகிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்தது.

போய்க்கொண்டிருக்கும்போது சி.டி. ஆஞ்சியோ. கையில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள், நிமிடத்துக்கு 0.3 முதல் 0.5 மி.லி. கசிந்தால் பிடிக்கும். அதைவிட மெதுவான கசிவுக்கு, சிவப்பணுக்களில் கதிரியக்க அடையாளம் சேர்த்து எடுக்கும் ஸ்கேன், 0.1 மி.லி. வரை. ரத்தம் நின்ற பிறகு எடுத்தால் இரண்டும் வெறுமையாகத்தான் வரும். ரத்தம் போகும் அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

நின்ற பிறகு மெக்கல் ஸ்கேன். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றினால் இரைப்பைத் தோல் அதை இழுத்துக்கொள்ளும். இரைப்பை ஒளிரும், அதே நேரத்தில் அடிவயிற்றில் வலப்பக்கம் இன்னொரு புள்ளியும் ஒளிர்ந்தால் அதுதான் பை. நாலைந்து மணி நேரம் வெறும் வயிறு, மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டுப் படுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஃபாமோடிடின் வகை மாத்திரை முன்கூட்டியே கொடுத்தால் படம் தெளிவாக வரும் என்பதால் சிலர் கொடுப்பார்கள். 6 மணி நேரத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும், பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பம், தாய்ப்பால் இருந்தால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அணு மருத்துவப் பிரிவு உள்ள இடத்தில்தான் எடுக்க முடியும், எங்களுக்குக் கோவைதான்.

இந்த ஸ்கேன் குழந்தைகளிடம் நன்றாகப் பிடிக்கும், பெரியவர்களிடம் அவ்வளவு இல்லை. பத்துப் பேருக்கு இருந்தால் ஆறேழு பேரிடம்தான் காட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பையில் இரைப்பைத் தோல் இல்லாவிட்டாலோ கொஞ்சமாக இருந்தாலோ ஒன்றும் ஒளிராது. தம்பிக்கு நெகட்டிவ்தான் வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஆபரேஷன் தப்பியது என்று சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் மட்டும் "இல்லைன்னு சொல்ல இது போதாதுங்க, இன்னும் தேடணும்" என்றார். அந்தப் பிடிவாதத்துக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்தது கேப்சூல். பெரிய மாத்திரை அளவில், 26 மி.மீ. நீளமுள்ள கேமராவை விழுங்கிவிட்டு, இடுப்பில் ரெக்கார்டர் பெல்ட்டோடு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். நடக்கலாம், டீக்கடை வரை போய் வரலாம். குடலில் எங்காவது சுருக்கம் இருந்தால் கேப்சூல் மாட்டிக்கொள்ளும். முன்பு காசநோய், குடல் அடைப்பு, வயிற்று ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது வெளியே போய்விட்டது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. கூடாது. கேப்சூல் மெக்கல் பையின் வாயைத் தாண்டி ஓடிவிடுவதும் உண்டு, ஆகவே இதுவும் நெகட்டிவ் என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை.

தம்பிக்குக் கண்டுபிடித்தது பலூன் எண்டோஸ்கோப்பி. ஜப்பானின் யமமோட்டோ குழு 2001ல் வெளியிட்ட முறை. குழாயின் நுனியில் பலூனை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு, பாவாடை நாடாவை ஊக்கில் கோர்க்கும்போது துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளுகிற மாதிரி, குடலைக் குழாய் மேல் சுருக்கிக்கொண்டே முன்னேறுவார்கள். மெக்கல் சந்தேகம் என்றால் கீழ் வழியாக. மயக்கம் கொடுத்துத்தான், ஒன்று இரண்டு மணி நேரம் பிடிக்கும். குடல் ஓட்டையாகும் ஆபத்து கொஞ்சம் உண்டு, கையெழுத்து வாங்கும்போது சொல்வார்கள். திரையில் குடல் ஒரு இடத்தில் இரண்டு வாயாகப் பிரிவது தெரிந்தது. ஒன்று வழி, இன்னொன்று முட்டுச்சந்து. முட்டுச்சந்தின் வாயிலில் புண்.

எல்லாமே நெகட்டிவ், ரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால், வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பியில் நேராகவே குடலைப் பார்த்துவிடுவார்கள். இளம் வயதுக்காரர்களுக்கு இது கெட்ட யோசனை இல்லை.

படி 7: ஆபரேஷன், ரத்தம், பணம்

ரத்தம் கொட்டிய மெக்கல் பைக்கு மாத்திரை நிரந்தரத் தீர்வில்லை, எடுத்தாக வேண்டும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பையை மட்டும் வெட்டுகிறீர்களா, பை இருக்கும் குடல் துண்டோடா? புண் பெரும்பாலும் பையில் இல்லாமல் பக்கத்துக் குடலில் இருப்பதால், ரத்தப்போக்கு வந்தவர்களுக்குச் சில சென்டிமீட்டர் குடலையும் சேர்த்து எடுத்து இரண்டு முனையையும் இணைப்பதைப் பல சர்ஜன்கள் விரும்புகிறார்கள். தம்பிக்கு லேப்ராஸ்கோப்பியில், தொப்புள் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, குடலை அதன் வழியே வெளியே இழுத்து வெட்டித் தைத்தார்கள். 34 வருஷம் முன்னால் மூடியிருக்க வேண்டிய குழாய், தொப்புள் வழியாகவே வெளியே வந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். ரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கு வழி வேறு. குழாய் வழியாகவே சுட்டு அடைப்பது, மருந்து, இரும்புச்சத்து ஏற்றுவது என்று போகும், ஒரே நாளில் முடியாது.

ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் பொதுவாக ரத்தம் ஏற்றுவார்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு 8லேயே. ஒரு யூனிட் ஏற்றினால் ஏறக்குறைய 1 ஏறும். பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். குடோனிலிருந்து ஆறு பேர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார்கள். வெறும் வயிற்றில் வரவேண்டாம், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. பனியன் கம்பெனி, மில் வேலையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், பே ஸ்லிப்பைப் பாருங்கள். கேப்சூலும் பலூன் எண்டோஸ்கோப்பியும் காப்பீட்டில் வருமா என்பதைக் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இதைக் கேட்காமல் நான் வட்டிக்கு வாங்கினேன்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

இரும்பு மாத்திரையை ஹீமோகுளோபின் சரியான அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தேவை. டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் பாதி வீண். ஒரு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைத் தண்ணீரோடு சாப்பிடலாம். சாப்பாட்டுக்குப் பெரிய பத்தியம் எதுவும் சொல்லவில்லை, முதல் வாரம் குழைந்த சோறு, பத்தாம் நாளிலிருந்து அரிசிம்பருப்பு சாதம், நெய்யோடு. வெட்டியது சில சென்டிமீட்டர்தான் என்பதால் பி12 ஊசியும் தேவைப்படவில்லை. பின்னாளில் எப்போதாவது வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கலாம். சோடா குடித்துப் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

"கொழந்தைக்கும் வருமா அண்ணா?" என்று தம்பி மனைவி கேட்டாள். மெக்கல் பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை, குழந்தைக்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம் என்றார்கள். ஆஸ்லர்-வெபர்-ரெண்டு என்றால் கதை வேறு. ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டு வாரம் கழித்து வந்தது. 'இடம் மாறிய இரைப்பைத் தோல் உள்ளது' என்று ஒரு வரி. டிஸ்சார்ஜ் தாளோடு அதையும் சேர்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து வலப்பக்கம் வயிறு வலித்து வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனால், உள்ளே எதை எடுத்தார்கள் என்று அந்தத் தாள்தான் சொல்லும். தம்பி அதை நூல் பில்களோடு பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டான். நான் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.